இரண்டு வருடங்களாக ஜெபிக்க முடியவில்லை

பாளை மருமகள் | வியாழன், இரவு 11.52

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வெகுநாட்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுவே முதல் முறை.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அத்தையைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான்.

முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். இரவிலும் அப்படித்தான். கஞ்சியை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் வாயின் இடது ஓரமாகக் கொடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிப்பவள். இப்போது முழங்காலில் நின்றால் பரமண்டல ஜெபம் முடிவதற்குள் கட்டில் விளிம்பில் தலை சாய்ந்துவிடுகிறது. வேதத்தில் அடையாள நாடா இரண்டு வருடங்களாக ஒரே பக்கத்தில் கிடக்கிறது. எரேமியா 15.

போன செவ்வாய்க்கிழமை இரவு மூன்றாவது முறையாகப் படுக்கை நனைந்திருந்தது. நான் சத்தம் போட்டுவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டார்கள். இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைக்கவில்லை. விரிப்பை மாற்றிவிட்டு விளக்கை அணைத்துவிட்டேன்.

சபையிலிருந்து வந்தவர்கள் "இது கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த ஊழியம்" என்று சொல்லி, பத்து நிமிடம் ஜெபித்துவிட்டுப் போனார்கள். அன்பே இல்லாமல், அலுப்போடு, கடனே என்று செய்வது எப்படி ஊழியமாகும்? என் விசுவாசம் போய்விட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விழிப்பு | வெள்ளி, காலை 5.10

சகோதரி, உங்கள் நிலை புரிகிறது. ஆனாலும் உண்மையைச் சொல்வதுதான் அன்பு. ஜெபம் நின்றுபோனால் மற்ற எல்லாமே வறண்டு போகும். நம் ஆண்டவரே "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். முந்தின நாள் சாயங்காலம் ஊரே திரண்டு வந்து வாசலில் நின்றது, அவ்வளவு பேரையும் சுகமாக்கிய களைப்போடுதான் எழுந்தார். அவருக்கு இல்லாத வேலையா நமக்கு?

ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்தாள், அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்டாள். எது நல்ல பங்கு என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். பதினைந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். கோபம் வருவதே அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாததால்தான்.

கடலோரம் | வெள்ளி, காலை 7.35

நான் கத்தோலிக்கன், நாகப்பட்டினம் பக்கம். குழந்தை தெரேசம்மாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிரான்சில் லிசியே ஊரின் கார்மேல் மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவர், 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தார். செப வேளையில் பல வருடங்கள் தூங்கித் தூங்கி விழுந்திருக்கிறார். அதற்காக அவர் கலங்கவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியமானவர்கள்தானே என்று எழுதி வைத்தார். அவரைத்தான் திருச்சபை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்றுத்தருபவர், என்று போற்றுகிறது.

கட்டில் விளிம்பில் சாய்ந்த தலையை ஆண்டவர் எழுப்பிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை அம்மா. போர்வை இருந்தால் போர்த்திவிடுவார்.

விழிப்பு | வெள்ளி, காலை 8.02

வசனத்துக்கு வசனத்தால் பதில் சொல்லுங்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் தூங்கிய சீஷர்களிடம் ஆண்டவர் என்ன கேட்டார்? ஒரு மணி நேரமாவது என்னோடு விழித்திருக்கக் கூடாதா என்றுதானே?

சுவடி | வெள்ளி, மதியம் 1.20

வசனத்திலிருந்தே பேசுகிறேன். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெத்செமனேயில் "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று சீஷர்களுக்காக அவரே பரிந்து பேசினார். கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடக் கூடாது.

மார்த்தாள் கதை லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் இருப்பது நல்ல சமாரியன் கதை, வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனை அந்நியனான சமாரியன் ஒருவன் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்த்த கதை. லூக்கா இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முதல் கதையில் ஆலயப் பணிக்காரர்களான ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள், காயத்தைக் கட்டியவன் மெச்சப்படுகிறான். அடுத்த கதையில் உட்கார்ந்து கேட்டவள் மெச்சப்படுகிறாள். ஒன்றை வைத்து மற்றொன்றை அடிக்க முடியாது. மேலும், யோவான் 11-இல் "நீர் தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கையிட்டவள் அதே மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் அவள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள், அங்கே யாரும் அவளைக் கண்டிக்கவில்லை.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அன்பு தோன்றாமல் செய்வது அன்பாகுமா என்று கேட்கிறார். சமாரியன் அடிபட்டவனைக் கண்டு "மனதுருகி" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கத்தோலிக்கர்களும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பில் "பரிவு கொண்டார்" என்று இருக்கிறது. லூக்கா இந்தக் கிரேக்க வினைச்சொல்லை மூன்றே இடங்களில் பயன்படுத்துகிறார். நாயீன் ஊர் விதவையின் மகனுடைய பாடையைக் கண்டபோது இயேசுவுக்கு, அடிபட்டவனைக் கண்டபோது சமாரியனுக்கு, வீட்டை விட்டுப் போய்த் திரும்பித் தூரத்தில் வரும் இளைய மகனைக் கண்டபோது தகப்பனுக்கு. அந்தச் சொல்லின் வேர் குடல், ஈரல் முதலான உள்ளுறுப்புகளைக் குறிப்பது. பழைய ஏற்பாட்டில் இரக்கத்துக்கு வரும் எபிரேயச் சொல் ஒன்றுக்கு வேர் கர்ப்பப்பை. "பெற்ற வயிறு பற்றி எரிகிறது" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். மனதில் மலரும் இனிமையான உணர்வை வேதம் அங்கே பேசவில்லை. வயிற்றைப் பிசையும் ஒன்றைப் பேசுகிறது.

சகோதரி, செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து உங்கள் வயிற்றைப் பிசைவது எது?

பழைய செவிலி | வெள்ளி, இரவு 9.15

மகளே, நான் முப்பத்தோரு வருடங்கள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பதினெட்டு வருடங்கள் தொழுநோய் மருத்துவமனையில். எனக்குக் கிரேக்கம் தெரியாது, புண் தெரியும். அதைக் கொண்டு சொல்கிறேன்.

கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அப்போது மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, சாவி சதையை எலும்பு வரை அறுத்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. அதிலிருந்து தேடித் தேடித்தான் அவர் கண்டுபிடித்தார். நோய் விரலைத் தின்பதில்லை. வலி என்கிற காவல்காரனைக் கொன்றுவிடுகிறது. அதன் பிறகு சூடான பாத்திரம், ஆணி, இரவில் வரும் எலி என்று ஒவ்வொன்றும் விரலைக் கொண்டுபோகிறது.

இந்த மனிதருக்கே ஒரு முறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு குதிகால் மரத்துப்போனது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி குத்தினார். வலித்தது. வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

காலையில் கட்டுப் போடும் அறையில் அவருடைய வார்த்தைகளை எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். உள்ளங்காலில் குழி விழுந்திருக்கும், சிரித்துக்கொண்டு நடந்து வருவார்கள். ஐயோ என்று ஒருவர் காலை இழுத்துக்கொண்டால் எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அங்கே நரம்பு இருக்கிறது.

ஜெபிக்க முடியவில்லையே என்று உனக்கு வலிக்கிறது. அத்தையைத் திட்டிவிட்டோமே என்று வலிக்கிறது. அந்த இடம் மரத்துப்போகவில்லை, மகளே. விசுவாசம் போனவர்கள் இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து இப்படி எழுத மாட்டார்கள்.

இன்னொன்று. நான் நோயாளிகளைத் திட்டியிருக்கிறேன். இரவுப் பணியில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. மறுநாள் காலை போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கேட்காமல் விட்ட ஒருவர் உண்டு. நான் மறுபடி பணிக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ஆகவே நாளைக்கு என்று தள்ளாதே. பேச்சு போனாலும் பலருக்குக் காது கேட்கும், புரியும்.

பாளை மருமகள் | சனி, அதிகாலை 3.05

இப்போதுதான் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருகிறேன்.

அம்மா, கேட்டேன். காதருகே குனிந்து, "அத்தை, அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இடது கையைத் தூக்கி என் முகத்தைத் தேடினார்கள். மூக்கில்தான் கை பட்டது.

ஒன்று கேட்க வேண்டும். பேச்சே இல்லாதவர்கள், உடம்பு துடைக்கும்போது நான் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தால் கூடவே பல்லவியைச் சொல் சொல்லாகப் பாடுகிறார்கள். தண்ணீர் என்று கேட்க வரவில்லை, நாலு வரி பாட்டு வருகிறது. இது எப்படி? சபையில் சொன்னால் அற்புதம் என்கிறார்கள்.

பழைய செவிலி | சனி, காலை 6.40

வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனால் அடி விழுந்தது மூளையின் இடது பாதியில். பேச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ராகத்துக்கும் பழகிய பாட்டுக்கும் வலது பாதி துணை நிற்கிறது. அதனால் பலருக்குப் பேச்சு போன பிறகும் பாட்டு தங்கிவிடும். அதையே பிடித்துக்கொண்டு பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சியும் உண்டு. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பார். இரண்டு வருடம் கழித்தும் பலன் இருக்கலாம். கஞ்சி கொடுக்கும் முன் "தண்ணீர்" என்பதை ராகமாகச் சொல்லிப் பழக்கு.

அற்புதம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அறுபது வருடம் ஞாயிறு தோறும் பாடிப் பாடி ஒரு பெண் தன் மூளையின் மறுபாதியில் சேர்த்து வைத்தது இன்று அவளுக்குத் துணையாக நிற்கிறது.

தனிமரம் | சனி, காலை 10.30

நான் பொதுவாக இந்தப் பேச்சுகளில் கலந்துகொள்வதில்லை. என் மனைவிக்கு மறதிநோய். ஏழு வருடம் பார்த்துக்கொண்டேன். போய் மூன்று வருடங்கள் ஆகின்றன.

எல்லோரும் சமாரியனைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த ஏழு வருடமும் நான் அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சமாரியன் அந்த ஒரு இரவுதான் அடிபட்டவனோடு இருந்தான். மறுநாள் புறப்பட்டுப் போய்விட்டான். அவனுக்கு வேலை இருந்தது, பயணம் இருந்தது. அதை வேதம் குறையாகச் சொல்லவில்லை. போகும்போது "இரண்டு பணத்தை எடுத்து, சத்திரக்காரன் கையில் கொடுத்து: நீ இவனை விசாரித்துக்கொள்" என்றான். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான்.

அடுத்த நாள் அந்தக் கட்டுகளை அவிழ்த்து மாற்றியவன் யார்? கஞ்சி கொடுத்தவன், மலம் அள்ளியவன், இரவில் முனகல் கேட்டு எழுந்தவன் யார்? சத்திரக்காரன். அவன் மனதுருகினான் என்று ஒரு வார்த்தை இல்லை. சிநேகமாகச் செய்தானா, சலித்துக்கொண்டு செய்தானா, தெரியாது. அவனைப் பற்றி நான் இதுவரை ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. சகோதரி, நீங்கள் சமாரியன் இல்லை. சத்திரக்காரர். உங்கள் சலிப்பைக் குறித்து அந்த உவமையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

ஆனால் சத்திரக்காரனை வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போகவில்லை என்பதைச் சபைகள் கவனிக்க வேண்டும். அவன் கையில் பணம் இருந்தது, திரும்பி வருவேன் என்ற வாக்கு இருந்தது. என் வீட்டுக்கு ஏழு வருடத்தில் ஜெபிக்க வந்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். "நீங்கள் போய் முடி வெட்டிக்கொண்டு வாருங்கள், அதுவரை நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொன்னவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் சபைக்காரர்கூட இல்லை, எதிர்வீட்டு இஸ்லாமிய நண்பர். அந்த ஒரு மணி நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தபோது எனக்கு வந்த கண்ணீர்தான் அந்த வருடத்தில் நான் செய்த உண்மையான ஜெபம். முடி வெட்டுகிறவர் பயந்துவிட்டார்.

"உங்கள் ஊழியம்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. வேலூர் மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாக்கியம் என்ன? ஊழியம் கொள்ளும்படி வராமல் ஊழியம் செய்ய. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் மிஷனரி ஆகும் எண்ணத்தோடு வந்தவர் இல்லை. உடல்நலம் குன்றியிருந்த தன் தாயைக் கவனிக்கத் திண்டிவனத்துக்கு வந்த இளம்பெண். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் ஒருத்தி வர வேண்டும், ஆண் மருத்துவர் கூடாது என்றார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதன் பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அங்கேயும் அவர் தனியாளாக நிற்கவில்லை. முதலில் செவிலியர்களைப் பழக்கினார், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஒருத்தியால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோபமாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். ஆனால் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கடலோரம் | சனி, காலை 11.05

ஐயா, ஓரிகன், அகுஸ்தீன் போன்ற ஆதி நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையர்கள் அந்தச் சத்திரத்தையே திருச்சபை என்று விளக்கியிருக்கிறார்கள். நான் அதைப் படித்திருக்கிறேன். அப்படியானால் சத்திரக்காரனின் வேலை நம் எல்லோருடையதும்தான் என்பது இன்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

விழிப்பு | சனி, மாலை 6.48

காலையிலிருந்து மூன்று முறை எழுதி அழித்தேன்.

என் அம்மா கடைசி நான்கு வருடங்கள் படுக்கையில் இருந்தார்கள். பார்த்துக்கொண்டது என் அக்கா, அவள் வீட்டில் வைத்து. அந்த நான்கு வருடமும் நான் தவறாமல் காலை நான்கு மணிக்கு எழுந்து அம்மாவுக்காக ஜெபித்தேன். மாதம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு இரவுகூட அங்கே தங்கவில்லை. என்னைத் தங்கு என்று அக்கா கேட்டதும் இல்லை. அக்கா வேதம் வாசிக்கிறாளா என்று நான்தான் கேட்டிருக்கிறேன்.

ஜெபம் வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆண்டவர் இருட்டோடே எழுந்து போனார் என்பது உண்மை. அதற்கு அடுத்த வரியையும் நானே எழுதினேன், அவர் முதலில் வாசலில் நின்ற ஊருக்கே கை வைத்திருந்தார். நான் எழுதியதை நான் வாசிக்கவில்லை.

சகோதரி, முதல் பதிலுக்காக வருந்துகிறேன். இன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பழைய செவிலி | சனி, இரவு 7.30

பாளை மருமகளே, நான் இருப்பது திருநெல்வேலியில். ஆற்றைத் தாண்டினால் உன் ஊர். நெறியாளர் வழியாக உனக்கு என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். உன் வீட்டுக்காரரிடமும் போதகரிடமும் என்னைப் பற்றி விசாரித்துக்கொள், அதுதான் முறை. சம்மதம் என்றால் நாளை காலை ஏழரைக்கு வருகிறேன். அத்தை பக்கத்தில் நான் இருக்கிறேன், நீ ஆராதனைக்குப் போய்விட்டு வா. தூக்கம்தான் வேண்டும் என்றால் தூங்கு, கோயில் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

பாளை மருமகள் | ஞாயிறு, இரவு 10.20

எங்கள் ஊர் ஊசிக்கோபுரக் கோயிலுக்குப் போனேன். என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்காதீர்கள், பாதிக்கு மேல் தூங்கிவிட்டேன். மகள் எழுப்பவில்லை. பாவ அறிக்கை ஜெபம் மட்டும் முழுவதும் விழிப்போடு சொன்னேன். நற்கருணை வாங்கக் கை நீட்டியபோது விரல்களில் டெட்டால் வாடை இருந்தது, எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் கதவுக்கு வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது. செவிலி அம்மா ஒரு வரி எடுத்துக் கொடுக்க, அத்தை அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிப் பின்னியிருந்தார்கள், நகம் வெட்டியிருந்தார்கள். வலது கை உள்ளங்கைக்குள் நான் இத்தனை நாள் கவனிக்காத அழுக்கை வெந்நீர்த் துணியால் எடுத்து, சுருட்டிய கைக்குட்டை ஒன்றை வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் ஐந்து நிமிடம் வேதத்தை எடுத்தேன். எரேமியா 15. அடையாள நாடாவைக் கிளப்பினால் தாளில் அதன் தடம் பதிந்திருக்கிறது. அந்த அதிகாரத்தில் அந்த மனிதர், என் வலி ஏன் ஓயவில்லை, என் காயம் ஏன் ஆறவில்லை என்று கர்த்தரிடமே நேராகக் கேட்கிறார். இரண்டு வருடம் முன்பு நான் அங்கேதான் நிறுத்தியிருக்கிறேன். சத்தமாக வாசித்தேன், அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனிமரம் ஐயா, உங்கள் பதிலைக் கணவருக்கு அனுப்பினேன். டிசம்பரில் பதினைந்து நாள் விடுமுறையில் வருகிறவர், அதை ஒரு மாத விடுமுறையாக நீட்டித் தரக் கேட்டிருக்கிறேன் என்றார். இரவு முறை தனக்கு என்றும் சொன்னார்.

பழைய செவிலி | ஞாயிறு, இரவு 10.45

அந்தக் கைக்குட்டையைத் தினமும் மாற்று, ஈரமாக விடாதே. இன்று பார்த்தபோது வலது குதிகால் கொஞ்சம் சிவந்திருந்தது. குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் வை, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். இன்று இரவே செய்துவிடு.

அடுத்த ஞாயிறும் ஏழரைக்கு.